மீட்க வருகிறவர் யார்?



நம் சங்க இதழில் வழக்கமாக இலக்கியக் கட்டுரைகளையும் பண்டிகைச் செய்திகளையும் படித்து மகிழ்கிறோம். இம்முறை சற்று வேறுபட்ட பொருள் ஒன்றை எழுத முன்வந்திருக்கிறேன். நிலநடுக்கம், புயல், வெள்ளம் என்று வரும்போது நம்மைக் காக்க வரும் அரசுப் படையில் யார் யார் இருக்க வேண்டும், அதற்குத் தலைமை ஏற்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதே அது. இது அதிகாரிகள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. என் மாமியார்தான் அந்த எண்ணத்தை மாற்றினார்.

திடலில் மூன்று இரவுகள்

2001 ஜனவரி 26. குடியரசு நாள் கொடியேற்றத்துக்காகப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காலை 8.46க்குக் கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தது. அகமதாபாத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடம் விழவில்லை. ஆனால் சுவர்கள் எல்லாம் விரிசல். மணிநகர்ப் பக்கத்தில் ஒரு திடலில் போட்டிருந்த கூடாரத்தில் மூன்று இரவுகள் தங்கினோம்.

என் மாமியாருக்கு அப்போது எழுபத்தொரு வயது. தென்காசிப் பக்கத்துக்காரர். தமிழைத் தவிர ஒரு சொல்லும் தெரியாது. உதவிக்கு வந்தவர்கள் அனைவரும் ஆண்கள். கூடாரங்களுக்குப் பின்னால் சாக்குத் தடுப்பு கட்டிக் கழிப்பிடம் அமைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக ஓர் இளைஞர் விளக்குடன் அங்கேயே நின்றிருப்பார். நல்ல எண்ணத்தில்தான் நின்றார். அதனாலேயே என் மாமியார் அந்தப் பக்கம் போகவில்லை. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் குளிரும் காய்ச்சலும் கண்டது. அதிர்ச்சியால் வந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். பக்கத்துத் தெருவில் குடியிருந்த மலையாள நர்ஸ் ஒருவர் வந்து பார்த்தார். தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "பாட்டி, ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று காதருகே கேட்டார். அவ்வளவுதான், மாமியார் அழுதுவிட்டார். நீர்க்கடுப்பு முற்றிப் பத்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

கூடவே இருந்த எனக்கும் அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வரிசையில் நின்று ரொட்டியும் போர்வையும் வாங்குவதிலேயே என் கவனம் போய்விட்டது. உதவிக்கு வந்தவர்கள் இரவு பகலாக உழைத்த நல்லவர்கள். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கக்கூடிய ஆள் அவர்களிடையே இல்லை.

நம் நாட்டுப் படை

அந்த நிலநடுக்கத்தில் குஜராத்தில் 13,800க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டு, 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை எட்டுப் பட்டாலியன்களுடன் தொடங்கியது. இன்று 16 பட்டாலியன்கள் உள்ளன; ஒவ்வொன்றிலும் 1,149 பேர். தமிழகத்தில் அரக்கோணத்திலும் குஜராத்தில் வடோதரா அருகே ஜரோதிலும் பட்டாலியன்கள் இருக்கின்றன.

இப்படைக்கென்று நேரடியாக ஆள் எடுப்பதில்லை. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை போன்றவற்றிலிருந்து சில ஆண்டுகளுக்கு அயற்பணியில் வருகிறார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. அசாமியரும் பீகாரியும் தமிழரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். மீட்புக் குழு ஒன்றில் சுமார் 45 பேர். அவர்களில் பொறியியல் தெரிந்தவர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாயைப் பழக்குபவர் என்று பல திறமையினர் இருப்பார்கள். ஒரு குறையும் உண்டு. அனுபவம் முதிர்ந்தவர் அயற்பணி முடிந்ததும் தாய்ப் படைக்குத் திரும்பிவிடுகிறார்.

பெண்கள் மட்டும் நெடுங்காலம் இல்லாமலே இருந்தார்கள். 2021 ஜனவரியில்தான் உத்தரப் பிரதேசத்தில் கட்முக்தேஷ்வரில், கங்கைக் கரையில், முதல் பெண்கள் மீட்புக் குழு பணியில் நின்றது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குச் சென்ற 152 பேரில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். வெளிநாட்டுப் பணிக்கு இப்படையின் பெண்கள் சென்றது அதுவே முதல் முறை. அவர்களில் ஒருவர் ஒன்றரை வயது இரட்டைக் குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டவர்.

தலைமை பற்றி இரண்டு பாடங்கள்

தலைமைக்கு அமெரிக்கப் பேரிடர் நிறுவனமான ஃபீமாவைப் பார்ப்போம். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது அதன் தலைவராக இருந்தவர் மைக்கேல் பிரவுன். அந்த நிறுவனத்துக்கு வருமுன் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கம் ஒன்றில் பதவி வகித்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்த பின், தலைவருக்குப் பேரிடர்ப் பணியில் அறிவும் ஐந்தாண்டு நிர்வாக அனுபவமும் வேண்டும் என்று 2006இல் சட்டமே செய்தார்கள். 2021இல் அப்பதவிக்கு வந்த டீன் கிரிஸ்வெல், செனட் ஒப்புதலுடன் முழுப் பொறுப்பேற்ற முதல் பெண்மணி. தீயணைப்புப் பணியில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர்.

ஆனால் அனுபவமுள்ள தலைமை மட்டும் இருந்தால் போதாது. 2017இல் மரியா புயல் தாக்கிய போர்ட்டோ ரிக்கோ தீவில் மக்கள் பேசுவது ஸ்பானிஷ். உதவிக்குப் போனவர்களில் அந்த மொழி தெரிந்தவர்கள் போதவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தச் சிரமத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது பாடம் நம் உத்தராகண்டில் கிடைத்தது. 2023 நவம்பரில் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் சிக்கிக்கொண்டார்கள். பெரிய துளையிடும் இயந்திரம் உடைந்தபின், எலிவளைச் சுரங்க வேலை தெரிந்த எளிய தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் கடைசிச் சில மீட்டர்களைக் கையால் குடைந்தார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்தே உழைத்தார்கள். தனக்குத் தெரியாததை யார் அறிவார் என்று தேடி அழைப்பதும் தலைவரின் திறமைதான்.

அண்டை நாட்டின் அனுபவம்

வங்காளதேசத்தில் 1991இல் வந்த புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் பெண்கள் ஆண்களைவிட மிக அதிகம். எச்சரிக்கை ஆண்கள் கூடும் இடங்களில்தான் சொல்லப்பட்டது. புகலிடங்களில் பெண்களுக்குத் தனியிடம் இல்லை. இன்று அந்நாட்டுப் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் சுமார் 76,000 தொண்டர்கள் இருக்கிறார்கள்; பாதிப் பேர் பெண்கள். சாவு எண்ணிக்கை குறைந்ததற்குப் புதிய புகலிடங்களும் முன்னறிவிப்பும் பெருங்காரணங்கள். ஆயினும் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் செய்தியைக் கொண்டுசேர்த்தவர்களில் இந்தப் பெண் தொண்டர்களும் உண்டு.

"மீட்புப் பணிக்கு உடல் வலிமைதானே முக்கியம்? இதில் ஆண் பெண் கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கான்கிரீட்டைத் தூக்க வலிமை வேண்டும். தேர்வில் யாருக்கும் சலுகை கூடாது. ஆனால் இடிபாட்டிலிருந்து வெளியே எடுப்பதோடு மீட்பு முடிந்துவிடுவதில்லை. அதன்பின் காயத்தைக் காட்டச் சொல்ல வேண்டும், பயத்தைக் கேட்க வேண்டும், கூடாரத்தில் காக்க வேண்டும். என் மாமியார் இடிபாட்டில் சிக்கவில்லை, கூடாரத்தில்தான் நோயுற்றார்.

நாம் செய்யக்கூடியவை

1. மத்தியக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம். நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, இதை எடுத்துச் சொல்லுங்கள்.

2. 2016இல் தொடங்கிய 'ஆபதா மித்ர' திட்டத்தில் பொதுமக்களுக்கு மீட்புப் பயிற்சி தரப்பட்டது. இத்தகைய பயிற்சி உங்கள் ஊரில் உண்டா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

3. தனியே வாழும் முதியவர்கள், தமிழ் மட்டும் தெரிந்தவர்கள், தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோரின் பட்டியலைச் சங்கம் வைத்திருக்கட்டும். தமிழும் உள்ளூர் மொழியும் அறிந்த ஆண், பெண் இருபாலர் பெயர்களும் அதன் பக்கத்தில் இருக்கட்டும்.

4. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை வீட்டுச் சுவரில், தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்.

என் மாமியார் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் நலமாக இருந்தார். அந்த நர்ஸ் வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் தானே போய்ச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டு வருவார். "அவ ஒருத்திதான் கேட்டா" என்பார். அடுத்த முறை நம் தெருவில் கூடாரம் போட நேர்ந்தால், கேட்பதற்கு நம்மிடையே ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கான பட்டியலை அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தொடங்குவோம்.