கரண்ட் போன பிறகு டேட்டாபேஸ் எழவில்லையா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட புயல் அபூர்வம். ஆனால் பள்ளியிலோ நூலகத்திலோ மூலையில் ஓடும் டேட்டாபேஸ் சர்வரைப் படுக்க வைக்கச் சாதாரண மின்தடையே போதும். நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா மென்பொருளுக்கு அடியில் இருப்பது மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல். லினக்ஸில் ஓடும் இந்த இரண்டுக்குமானவை கீழே உள்ள படிகள்.

முதலில், பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கொடுக்காதீர்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் நிரம்பி நின்ற சர்வரைக் கரண்ட்டால் கெட்டதாக நினைத்துத் தேவையில்லாமல் அறுவை செய்பவர்கள் உண்டு. இடம் இல்லையென்றால் பழைய பேக்கப்பை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், தேவையற்ற டவுன்லோடு போன்றவற்றை அழித்துவிடுங்கள். டேட்டா டைரக்டரிக்குள் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே பைனரி லாக் குவிந்திருந்தால், சர்வர் எழுந்த பிறகு அதற்கென உள்ள பர்ஜ் கட்டளையால் நீக்குங்கள்.

அடுத்தது எரர் லாக். கடைசியாக ஸ்டார்ட் செய்த நேரத்தைத் தேடி, அதற்குப் பின் வரும் முதல் எரர் வரியைப் படியுங்கள். அதன் கீழே இருப்பவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. 'கிராஷ் ரெகவரி' நடப்பதாக எழுதியிருந்தால் காத்திருங்கள். டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி எந்த மாற்றத்தையும் முதலில் ரீடூ லாக்கில்தான் எழுதும். மின்சாரம் போய் வந்ததும் அந்த லாக்கைப் படித்து, கமிட் ஆனதை மீண்டும் செய்யும். பாதியில் நின்றதைத் திருப்பிவிடும். பெரிய டேட்டாபேஸில் இதற்கு நேரம் பிடிக்கும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து வேலை. ரீடூ லாக் ஃபைலை அழித்தால் சர்வர் எழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழலாம், ஆனால் உங்கள் தரவு சரியாக இருக்காது.

ஒரு டேபிள் மட்டும் 'கிராஷ்டு' என்று வந்தால், அது மைஐசாம் அல்லது ஆரியா வகையாக இருக்கும். ரிப்பேர் டேபிள் கட்டளை போதும். இன்னோடிபிக்கு அந்தக் கட்டளை உதவாது.

இன்னோடிபியே சிதைந்திருந்தால் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். நகல் முடியும்வரை வேறெதையும் தொடக் கூடாது. பிறகு கான்ஃபிக் ஃபைலில் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரியை 1 என்று வைத்துத் தொடங்குங்கள். எழவில்லையா, 2, பிறகு 3. நான்கும் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. வேறு வழியே இல்லாதபோது, நகல் கையில் இருக்கும்போது மட்டும். எழுந்ததும் முழு டம்ப் எடுத்து, அந்த வரியை நீக்கி, புதிய டேட்டா டைரக்டரியில் ஏற்றுங்கள். சிதைந்த அதே டேட்டா டைரக்டரியில் தொடர்ந்து வேலை பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

ஏற்றிய பிறகு தமிழ்த் தலைப்புகளைப் பாருங்கள். புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பயமில்லை: பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கலாம், எழுத்துக் குறியாக்க அமைப்பு மட்டும் மாறியிருக்கும். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் ஹெக்ஸ் ஃபங்ஷனில் பாருங்கள். 3எஃப் என்று வரிசையாக வந்தால் அந்த எழுத்துகள் போனவை போனவைதான். பழைய பேக்கப்பைத் தேட வேண்டும். டம்ப் எடுக்கும்போதும் ஏற்றும்போதும் யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டால் இந்தத் தொல்லை வராது.

இனி தடுப்பு. யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கம்பியால் சர்வரோடு இணைத்து, பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாக முறையாக நிற்கும்படி அமையுங்கள். கம்பி இல்லாத யுபிஎஸ் சர்வர் விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். தினமும் இரவில் 'சிங்கிள் டிரான்ஸாக்ஷன்' விருப்பத்தோடு டம்ப் எடுங்கள். இன்னோடிபி டேபிள்களைப் பூட்டாமலே ஒரே நேரத்து நிலை கிடைக்கும். ஒரு நகல் மாவட்டத்துக்கு வெளியே, திருச்சியிலோ கிளவுடிலோ இருக்கட்டும். கஜா போன்ற புயலில் அடுத்த தெருவில் இருக்கும் நகலுக்கும் அதே கதிதான். மாதம் ஒருமுறை அந்த டம்ப்பைப் பழைய லேப்டாப் ஒன்றில் ஏற்றி, நூல் டேபிளில் எத்தனை வரிகள் என்று எண்ணி, சர்வரில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.