அவர் என்ன சொன்னார்? ஆங்கிலத்தில் எழுதும்போது...

தமிழில் யார் கருத்தையும் ‘என்றார்’ போட்டு முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் வினைக்கு வினை வாக்கியம் மாறும்.

மைசூரில் வாழ்ந்த நாவலாசிரியர் ஆர்.கே. நாராயணையே எடுத்துக்கொள்வோம். அவருடைய நீளமான பெயரைச் சுருக்கிக்கொள்ள யோசனை சொன்னவர் எழுத்தாளர் கிரஹாம் கிரீன். ‘கிரீன் சஜஸ்டட் ஹிம் டு ஷார்ட்டன் ஹிஸ் நேம்’ என்றுதான் நமக்குக் கை போகும். அது தவறு. சஜஸ்ட்டை ஒட்டி ஆள் வரக் கூடாது. ‘கிரீன் சஜஸ்டட் தட் ஹி ஷார்ட்டன் ஹிஸ் நேம்’ என்று எழுதுங்கள். ‘ஹி ஷுட் ஷார்ட்டன்’ என்றாலும் சரியே. அந்த ‘ஹிம் டு’வை விட மனமில்லையா? வினையை மாற்றிவிடுங்கள்: ‘அட்வைஸ்டு ஹிம் டு ஷார்ட்டன்’.

1935இல் நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நாவல் லண்டனில் அச்சேறவும் கிரீனின் பரிந்துரைதான் காரணம். ‘ரெகமெண்டட் த நாவல் டு எ பப்ளிஷர்’: பொருள் முதலில், ஆள் ‘டு’வுக்குப் பின்னால். எக்ஸ்ப்ளெயினும் இதே ஜாதி. ‘எக்ஸ்ப்ளெயின்டு மீ த ப்ராப்ளம்’ அல்ல, ‘எக்ஸ்ப்ளெயின்டு த ப்ராப்ளம் டு மீ’.

டோல்டுக்கு ஆள் வேண்டும்: ‘ஹி டோல்டு மீ தட்’. ஆளில்லையென்றால் ‘ஹி செட் தட்’.

எதிர்மறைக் கருத்தைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். ‘ஷி திங்க்ஸ் இட் இஸ் நாட் குட்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பேச்சில் இயல்பாக வருவது ‘ஷி டஸின்ட் திங்க் இட் இஸ் குட்’. அலுவலகக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ‘அக்கார்டிங் டு மீ’யை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது அடுத்தவர் கருத்துக்கு. நம்முடையதற்கு ‘ஐ திங்க்’ போதும்.