கடலடிப் பாறைகளும் புவியீர்ப்பு அளவீடும்

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் பணி. எனவே, தோண்டுமுன் நீருக்கும் வண்டலுக்கும் கீழே பாறைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிந்தாக வேண்டும். இதற்குத் துணைபுரியும் முறைகளுள் செலவு குறைந்தது புவியீர்ப்பு அளவீடு.

இதன் அடிப்படை எளியது. கடல்நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.03 கிராம், படிவுப் பாறைகளுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 வரை, கருங்கல்லுக்கு ஏறத்தாழ 2.7. அடர்ந்த பாறை மேலெழுந்துள்ள இடத்தில் ஈர்ப்பு சற்றே கூடும். வண்டல் ஆழமாகப் படிந்துள்ள இடத்தில் குறையும். ஆனால் அவ்வேறுபாடு மிக நுண்ணியது. கலிலியோவின் பெயரால் அமைந்த ‘கேல்’ என்னும் அலகில் புவியின் ஈர்ப்பு சுமார் 980. ஆய்வாளர் தேடுவதோ அந்த அலகின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகேல் கணக்கிலுள்ள மாற்றங்களை!

ஆடும் கப்பலில் இதனை அளப்பது நெடுங்காலம் இயலாதிருந்தது. டச்சு அறிஞர் வெனிங் மைனஸ் 1923இல் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஊசல்களைக் கொண்டுசென்று, அலையின் ஆட்டம் குறைந்த ஆழத்தில் அளந்தார். பின்னர், கப்பல் சாய்ந்தாலும் சாயாத மேடைமீது அமைந்த வில்சுருள் ஈர்ப்புமானிகள் வந்தன. எனினும் கப்பலின் ஓட்டமே ஒரு பிழையைப் புகுத்துகிறது. நிலநடுக்கோட்டில் மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் கிழக்கே செல்லும் கப்பலில் ஈர்ப்பு 75 மில்லிகேல் குறைந்து காணப்படும். வேகத்தைத் தவறாகக் குறித்தால் இல்லாத பள்ளம் வரைபடத்தில் தோன்றிவிடும்.

செயற்கைக்கோள்கள் வேறு வழியைத் திறந்தன. கடலடி மலை தன்னைச் சுற்றியுள்ள நீரை ஈர்ப்பதால் அதன் மேல் கடல்மட்டம் சிறிது உயரும். அவ்வுயரத்தை அளந்து ஈர்ப்பைக் கணக்கிடலாம். 2013இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய–பிரெஞ்சுச் செயற்கைக்கோளான சரள் அத்தகைய அளவீடுகளைத் தந்தது. ஆயினும் சிறிய அமைப்புகளை அறியக் கப்பல் அளவீடே தேவை.

அளந்தபின் எழும் சிக்கலை வங்கக் கடல் நன்கு காட்டுகிறது. மகாநதிக் கழிமுகத்திற்கு அப்பாலிருந்து தெற்கே, கிழக்குத் தீர்க்கரேகை 85 டிகிரியையொட்டி, ஒரு மலைத்தொடர் வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. மலை என்றால் ஈர்ப்பு கூட வேண்டும். இதன் வடபகுதியிலோ குறைகிறது. தென்பகுதியில் கூடுகிறது. மலையின் பாரத்தால் அடித்தட்டு கீழே வளைந்ததும், சுற்றிலுமுள்ள ஆழ்படிவுகள் இறுகி அடர்த்தி பெற்றதும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. ஈர்ப்பு வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால், அங்கே தடித்த வண்டல் நிறைந்த பள்ளம் இருப்பதாக எவரும் முடிவு கட்டியிருக்கலாம். அங்கிருப்பது மலை என்பதை நில அதிர்வு அலைகளைக் கொண்டு எடுத்த குறுக்குவெட்டுப் படங்களே புலப்படுத்தின.