இருட்டுக் காம்பராவில் நாற்று வளர்ப்போம்



மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் அட்டன், மஸ்கெலியா பக்கமெல்லாம் மழையும் பனிமூட்டமும்தான். வெளியே விதை போட்டால் மழை அடித்துக்கொண்டு போகிறது. அதனால் பலர் காம்பராவுக்குள்ளேயே நாற்றுப் போடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு லயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு அக்கா தக்காளி விதை போட்டிருந்தார். நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு, வெளுத்து, ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தது. "ஐயா, விதை பழசு போல. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். தண்ணீர் பத்தாது என்று நினைத்து இன்னும் ஊற்றியிருந்தார். அடித்தண்டு அழுகிப் பாதி நாற்று விழுந்துவிட்டது. விதையில் குற்றமில்லை. வெளிச்சம்தான் பத்தவில்லை.

செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு சமைக்கிற அடுப்பு. வெளிச்சம் குறைந்தால் அதைத் தேடி மேலே மேலே நீளும், தண்டு தடிக்காது. அப்போது தண்ணீரும் உரமும் கூட்டினால் கெடுதலே வரும்.

உடனே மின்குமிழ் வாங்க ஓடாதீர்கள். வருகிற வெளிச்சத்தை முதலில் வீணாக்காமல் பிடிப்போம்.

1. அடுப்புப் புகை பிடித்த கறுப்புச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஜன்னலை ஒட்டிய சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும்.

2. ஒரு காட்போட் பெட்டியின் மேல்பக்கத்தையும் ஜன்னலைப் பார்க்கிற பக்கத்தையும் வெட்டி எடுங்கள். மற்ற மூன்று பக்கத்துக்கும் உள்ளே வெள்ளைக் கடதாசி ஒட்டுங்கள். பால்மா பைக்கற்றை வெட்டிக் கழுவித் துடைத்து, வெள்ளிபோல மினுங்குகிற உட்பக்கம் வெளியே தெரிய ஒட்டினாலும் சரி. ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரும்பி, நாற்றின் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். சாய்வது குறையும்.

3. தட்டைத் தினமும் ஒரு தடவை திருப்பி வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை உட்பக்கத்தில் படிந்த புகைக்கரியை ஈரமில்லாத துணியால் துடையுங்கள்.

4. மூட்டமான நாட்களில் இதுவும் பத்தாது. அப்போது 9 வாட் எல்.ஈ.டி. வெள்ளைக் குமிழ் ஒன்றை நாற்றுக்கு மேலே 6 முதல் 8 அங்குல உயரத்தில் தொங்கவிடுங்கள். நாற்று வளர வளரக் குமிழையும் உயர்த்துங்கள். கூரையில் எரிகிற குமிழ் நாற்றுக்கு உதவாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும்.

5. பின்னேரம் 5 மணியிலிருந்து 9 மணி வரை எரித்தால் போதும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 அலகுதான் செலவு. இரவில் நாற்றுக்கும் இருட்டு வேண்டும், அணைத்துவிடுங்கள்.

இனிச் சொல்வதைக் கட்டாயம் கவனியுங்கள். மினுங்குகிற தாளில் மின்சாரம் பாயும். வயரிலிருந்தும் ஹோல்டரிலிருந்தும் அதை ஒரு சாண் தள்ளியே ஒட்டுங்கள். குமிழ் பெட்டியில் படக்கூடாது. தண்ணீர் ஊற்றுமுன் சுவிட்சை அணையுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்காதீர்கள். ஒட்டுப்போட்ட வயரும் வேண்டாம். கொழுந்து பறிக்கப் போகும்போது எரியவிட்டுப் போகாதீர்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கிற நெருப்பு அந்தக் காம்பராவோடு நிற்காது.

நாலைந்து கிழமையில் நாற்று தயாராகிவிடும். உடனே நடாமல் ஒரு கிழமைக்கு முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று இஸ்தோப்பில் வைத்துப் பழக்குங்கள். பிறகு நடுங்கள்.

அந்த அக்கா மறுபடியும் விதை போட்டார். இந்தத் தடவை நாற்று குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக நின்றது. "அதே கடை விதைதான் ஐயா" என்று சிரித்தார். உங்கள் நாற்றும் நீண்டு சாய்ந்தால், தண்ணீர்ச் செம்பை எடுக்குமுன் சுவரைப் பாருங்கள்.

- நலன்புரி உத்தியோகத்தர்