போக டல்லடித்தாலும் இடையே வேலை (3)

மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி சென்ட்ரலுக்கோ பீச்சுக்கோ போகிறவர்களுக்குக் குறுக்கெழுத்து பழக நேரம் தாராளம். மடித்த பேப்பர், ஒரு பேனா, அத்திப்பட்டுக்குள் உட்கார இடம். அவ்வளவுதான் முதலீடு.

சாதாரணக் குறுக்கெழுத்து “கப்பல் வந்து நிற்கும் இடம்” என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சங்கேதக் குறுக்கெழுத்து அதையே இப்படிச் சுற்றிவளைக்கும்:

இலாகாவின் வதனம், சரக்கு இறங்கும் இடம் (5)

இலாகா என்றால் துறை, வதனம் என்றால் முகம். ஒட்டினால் துறைமுகம். அதுவே சரக்கு இறங்கும் இடமும். ஆக, ஒரே விடைக்கு இரண்டு வழி: ஒன்று நேர்ப்பொருள், மற்றது சொல்லைக் கட்டிய விதம். நேர்ப்பொருள் குறிப்பின் தலையிலோ வாலிலோதான் இருக்கும், நடுவில் வராது. முதலில் இரண்டு முனைகளையும் சந்தேகப்படுங்கள். எண் என்பது எழுத்துக் கணக்கு. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு: து, றை, மு, க, ம்.

இந்த விளையாட்டு நமக்கு ஆங்கிலப் பேப்பர் வழியாக வந்தது. தி இந்து 1971இல் தன் சொந்தக் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது அதை அமைத்தவர் செங்கல்பட்டில் பிறந்த அட்மிரல் ராம்தாஸ் கடாரி. இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். தமிழில் வாஞ்சிநாதன் அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் இதழில் இவ்வகைப் புதிர்களை அமைத்திருக்கிறார். ஆனால் உத்திகள் நமக்குப் பழசு. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளைப் பாருங்கள். சில கேள்விகளின் விடைகளை ஒட்டி ஒரு பெயரை வரவழைப்பது வினாவுத்தரம். துறைமுகத்தைக் கட்டியதும் அதே முறையில்தான்.

இனி உத்தியைக் கண்டுபிடிப்பது. “கெட்ட”, “குழம்பிய”, “சிதறிய” மாதிரி சொல் தென்பட்டால் பக்கத்துச் சொல்லைக் கலைத்துப் பாருங்கள். “தரம் கெட்ட தேர் (3)”: தரத்தைக் கெடுத்தால் ரதம். “தலை போன”, “வால் அறுந்த” என்றால் எழுத்துக் குறைப்பு, பழைய பெயர் அக்கரச்சுதகம். “தலை போன சமையலில் காதல் (3)” என்றால் மையல். “திரும்பி”, “தலைகீழாக” என்றால் பின்னாலிருந்து வாசியுங்கள். “சிவா, திரும்பிப் படி (2)” என்பதற்கு விடை போன வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த உத்தி தமிழில் அபூர்வம். நம் சொற்களில் பாதி புள்ளியெழுத்தில் முடியும், புள்ளியெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. திருப்பினால் சொல்லே கிடைக்காது.

இதே இலக்கணம் கட்டத்தை நிரப்பும்போது கைகொடுக்கும். எந்தச் சொல்லுக்கும் முதல் கட்டத்தில் புள்ளி விழாது. க், ச், ட், த், ப், ற் கடைசிக் கட்டத்தில் நிற்காது. நடுவில் ஞ் கிடைத்துவிட்டால் அடுத்தது பெரும்பாலும் ச வரிசைதான், மீஞ்சூரே சாட்சி.

சந்தியை மறந்தால் மாட்டிக்கொள்வீர்கள். “தங்கமும் நீர்நிலையும் மீஞ்சூருக்கு வடக்கே (4)”. பொன்னையும் ஏரியையும் அப்படியே அடுக்கினால் கட்டக் கணக்கு சரியாகும், ஆனால் மூன்றாவது எழுத்து தப்பாகிவிடும். தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று, உயிரைக் கண்டால் இரட்டிக்கும், பொன்னேரி வந்துவிடும். எண்ணூரையும் இதே விதியில் எண், ஊர் என்று பிரித்துக் குறிப்பு எழுதலாம், முயன்று பாருங்கள்.

குறிப்பு எழுதுவது இதைவிடச் சுகமான வேலை. விடையிலிருந்து தொடங்க வேண்டும். கடல் என்று வைத்துக்கொள்வோம். க, ட, ல் மூன்றையும் இரண்டு சொற்களுக்கிடையே ஒளிக்கப் பார்க்கிறேன். இது கரந்துறைச் செய்யுளின் தம்பி. முதல் சொல் ககரத்தில் முடிய வேண்டும்: போக, பார்க்க, கேட்க என்று எத்தனையோ இருக்கின்றன. இரண்டாவது “டல்” என்று தொடங்க வேண்டும். தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காதே! தெருவில் பேசும் பேச்சு காப்பாற்றுகிறது: டல்லடித்தாலும். “போக டல்லடித்தாலும்” என்பதற்குள் கடல் பத்திரமாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்து நேர்ப்பொருள். “போக டல்லடித்தாலும் இடையே உப்புநீர்” என்று எழுதினால் விதிப்படி சரி, ஆனால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். சமுத்திரம், ஆழி, பரவை, முந்நீர் என்று நிகண்டு வரிசையை ஓட்டினால் வேலை வந்து நிற்கிறது. இலக்கியத்தில் வேலை என்றால் கடல். “போக டல்லடித்தாலும் இடையே வேலை (3)”. திங்கட்கிழமை காலையில் யாரும் சொல்லக்கூடிய புலம்பல். படிப்பவர் ஆபீஸை நினைப்பார், விடை எண்ணூரில் அலையடிக்கும். ஒளித்திருப்பதைச் சொல்லும் “இடையே” என்ற சொல்லும் புலம்பலோடு புலம்பலாகக் கரைந்துவிட்டது. நல்ல குறிப்பில் ஒரு சொல்கூடச் சும்மா நிற்காது.

ஒரு எச்சரிக்கை. “கலம் உடைந்தால் நடிகர் (3)” என்று எழுதிக் கமல் என்று விடை தர ஆசை வரும். கலத்தில் இருப்பது ல, ம். கமலில் இருப்பது ம, ல். புள்ளியை இடம் மாற்றியது திருட்டு. பொருளில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம், எழுத்தில் ஒரு புள்ளிகூட ஏமாற்றக் கூடாது என்பது என் கட்சி. சிலர் சலுகை கொடுப்பார்கள், நான் கொடுக்கமாட்டேன்.

எழுதி முடித்ததும் விடை தெரியாத ஒருவரிடம் நீட்டுங்கள். விடையைச் சொன்ன பிறகு அவர் “அட!” என்றால் தேறியது. “அதெப்படி?” என்று கேட்டு நீங்கள் விளக்கவேண்டி வந்தால் திருத்துங்கள்.

இப்போது உங்கள் முறை:

பழத்தோடு புடவையும் வாங்க இறங்கும் ஸ்டேஷன் (7)

எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் விடை மஞ்சள் பலகையிலேயே எழுதியிருக்கும். சந்தியில் ஒரு ப் கூடுதலாக வரும்.