ஒரே புள்ளியில் முடிந்த 2003



2003ஆம் ஆண்டின் உலக ரேலி சாம்பியன் பட்டம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நார்வேக்காரர் பெட்டர் சோல்பெர்க் கைக்குப் போனது. அவருக்கு 72 புள்ளி. பிரான்சின் செபஸ்டியன் லோபுக்கு 71. மூன்றாவதாக வந்த ஸ்பெயின்காரர் கார்லோஸ் சைன்ஸுக்கு 63, நான்காவதாக வந்த இங்கிலாந்தின் ரிச்சர்ட் பர்ன்ஸுக்கு 58. பட்டம் சோல்பெர்குக்கு நியாயமாகக் கிடைத்ததா, அணியின் உத்தரவு லோபைத் தடுத்ததால் கிடைத்ததா என்ற சண்டை ரேலி ரசிகர்களிடையே இன்றுவரை ஓயவில்லை. இந்தச் சண்டையில் கலந்துகொள்ள விரும்பும் எவரும் முதலில் அந்தப் பருவத்தின் 14 ரேலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும். கடைசி ரேலியை மட்டும் வைத்துப் பேசுபவர்கள்தான் இரு தரப்பிலும் அதிகம்.

ரேலியில் வண்டிகள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. பொதுச்சாலையின் ஒரு பகுதியை மூடிவிட்டு, சில நிமிட இடைவெளியில் ஒவ்வொரு வண்டியாக அனுப்புவார்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் ஸ்டேஜ் என்று பெயர். மூன்று நாளில் ஓடும் எல்லா ஸ்டேஜ்களின் நேரத்தையும் கூட்டினால், யாருக்குக் குறைவாக வருகிறதோ அவரே வென்றவர். அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் கோ-டிரைவர் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருவார். சோல்பெர்குக்கு அதைச் செய்தவர் ஃபில் மில்ஸ். லோபுக்கு டேனியல் எலெனா. எதிராளி கண்ணுக்குத் தெரியாத போட்டி இது. அதனால் யார் சிறந்தவர் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ரேலி ரசிகர்களின் வாதம் எப்போதும் எண்களைச் சுற்றியே நடப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எண்ணுக்குப் பின்னால் சாலை இருக்கிறது. சரளை மண் பாதையில் முதலில் போகிறவர் மேலே கிடக்கும் உதிரிக் கற்களை ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. பின்னால் வருபவருக்குப் பாதை துப்புரவாகிவிடும், வேகம் தானாகக் கூடும். தார்ச்சாலையில் இது தலைகீழ். வளைவுகளில் உட்புறமாக வெட்டிச் செல்லும் வண்டிகள் ஓர மண்ணை இழுத்துத் தாரில் போட்டுவிடும். முதலில் போனவர் தப்பித்துக்கொள்வார். சாம்பியன் பட்டியலில் முதலிடத்தில் நிற்பவரே ரேலியின் முதல் நாளில் முதலில் கிளம்ப வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே பட்டியலில் முன்னால் இருப்பதே மண்சாலையில் ஒரு தண்டனைபோல ஆகிவிடும். இரண்டு ஓட்டுநர்களின் நேரத்தை ஒப்பிடும்போது யார் எத்தனையாவதாகப் புறப்பட்டார் என்று கேட்காமல் முடிவு சொல்வது அரைகுறைக் கணக்கு.

புள்ளி விதியும் அந்த ஆண்டுதான் மாறியது. 2002 வரை முதல் ஆறு இடங்களுக்கு 10, 6, 4, 3, 2, 1 என்று புள்ளி தந்தார்கள். 2003 முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1. வெற்றிக்கும் இரண்டாம் இடத்துக்கும் இருந்த 4 புள்ளி இடைவெளி 2 ஆகச் சுருங்கியது. ஏழாவதாக வந்தாலும் எட்டாவதாக வந்தாலும் ஏதோ கிடைத்தது. இந்தச் சின்ன மாற்றம் அந்தப் பருவத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

ஐந்து ரேலிகள் முடிந்த நிலையைப் பார்த்தால் இது விளங்கும். முந்தைய ஆண்டின் சாம்பியன், பின்லாந்தின் மார்கஸ் கிரான்ஹோம், ஸ்வீடன், நியூசிலாந்து, அர்ஜென்டினா ஆகிய மூன்றையும் வென்று 30 புள்ளி வைத்திருந்தார். பெஜோ அணியில் அவரோடு ஓட்டிய பர்ன்ஸ் ஒன்றில்கூட வெல்லவில்லை. 5, 3, 2, 2, 3 என்று இடங்கள் பிடித்து 32 புள்ளியோடு அவருக்கு மேலே இருந்தார். பழைய விதிப்படி கூட்டினால் கிரான்ஹோமுக்கு அதே 30, பர்ன்ஸுக்கு 22 மட்டுமே. புதிய விதி வெல்பவரை மதிக்கவில்லை என்று அப்போதே ஒரு சாரார் குமுறினார்கள். அந்தக் குமுறலில் நியாயம் உண்டு. ஆனாலும் பர்ன்ஸைக் குறைத்துப் பேசுவது தவறு. பட்டியலில் முன்னால் இருந்த காலமெல்லாம் மண்சாலையில் கற்களை ஒதுக்கியபடி முதலில் போய்க்கொண்டிருந்தவர் அவர். அந்த நிலையிலும் வண்டியை உடைக்காமல் ஏழு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். அன்று ஒருமுறை வண்டி நின்றால் அந்த ரேலி அதோடு சரி. மறுநாள் திரும்ப வந்து ஓட்டும் வசதி பிற்பாடு வந்தது. அந்தச் சூழலில் தவறாமல் முடிவுக்கோட்டைத் தொடுவது சாதாரணத் திறமை அல்ல.

பருவத்தின் நடுப்பகுதி எஸ்டோனியாக்காரர் மார்க்கோ மார்ட்டினுக்குச் சொந்தம். கிரீஸின் அக்ரோபோலிஸ் ரேலியில் ஒரு ஸ்டேஜின் நடுவே அவருடைய ஃபோர்டு ஃபோகஸின் பானெட் திறந்து எழும்பி முன்கண்ணாடியை மறைத்துவிட்டது. எதிரே பாதை தெரியவில்லை. கிடைத்த இடுக்கு வழியே பார்த்தும், கோ-டிரைவர் வாசிக்கும் குறிப்பை நம்பியும் ஸ்டேஜை முடித்தார். அந்த ரேலியையும் வென்றார். பின்லாந்திலும் அவரே முதல். அங்கே ஓனின்போயா ஸ்டேஜின் மேட்டில் அவர் வண்டி மணிக்கு 171 கிலோமீட்டர் வேகத்தில் 57 மீட்டர் தூரம் பறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆண்டின் இறுதியில் அவர் ஐந்தாம் இடத்தோடு நின்றுபோனதால் பட்ட விவாதத்தில் அவர் பெயர் அடிபடுவதில்லை. இப்படி மறந்துபோவது வருத்தத்துக்குரியது.

ஆறு ரேலிகள் முடிந்தபோது பர்ன்ஸ் 37, சோல்பெர்க் 19, லோப் 17. பட்டத்துக்காகக் கடைசியில் மோதிய இருவரும் அன்று ஏறத்தாழ பாதித் தொலைவு பின்தங்கியிருந்தார்கள். மீதி எட்டு ரேலிகளில் சோல்பெர்க் 53 புள்ளி சேர்த்தார், லோப் 54. இந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகும் ஒருவர் மற்றவரைவிட வெகு தூரம் மேலானவர் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவரும் சேர்த்த விதம்தான் வேறு. லோபின் மூன்று வெற்றிகளும் தார்ச்சாலை ரேலிகள்: மான்டி கார்லோ, ஜெர்மனி, சான்ரெமோ. அதுவரையிலான அவர் உலக ரேலி வாழ்க்கையில் மண்சாலை வெற்றி ஒன்றுகூட இல்லை. சோல்பெர்க் சைப்ரஸ், ஆஸ்திரேலியா, வேல்ஸ் என்று மூன்று மண்சாலை ரேலிகளையும், கோர்சிகா என்ற தார்ச்சாலை ரேலியையும் வென்றார். இந்தக் கோர்சிகாதான் அவருடைய ஆதரவாளர்களின் முக்கியச் சான்று.

கோர்சிகாவில் ரேலி தொடங்குவதற்கு முன் நடக்கும் ஷேக்டவுன் என்ற சோதனை ஓட்டத்தில் சோல்பெர்க் சாலையோரக் கம்பத்தில் வண்டியை மோதினார். சுபாரு இம்ப்ரெஸாவின் கூடு வளைந்துபோனது. இனி இந்த வண்டி ஓடாது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். மெக்கானிக்குகள் இரவு முழுக்க உழைத்துக் கூட்டை இழுத்து நேராக்கி, பாகங்களை மாற்றி, மறுநாள் புறப்படும் நேரத்துக்குள் தயார் செய்துவிட்டார்கள். பிறகு மழை வந்தது. தார்ச்சாலை நிபுணர் என்று பேர் வாங்காத சோல்பெர்க், லோபும் சைன்ஸும் பெஜோக்காரர்களும் இருந்த களத்தில் வென்றார். லோப் சாலையை விட்டு விலகி 13ஆவதாக வந்து புள்ளியே பெறவில்லை. ஈரச் சாலையில் சுபாருவின் பிரெல்லி டயர் சிட்ரோவென், பெஜோ அணிகளின் மிஷெலினைவிட நன்றாகப் பிடித்தது என்று லோப் தரப்பு சொல்வதையும் தள்ளிவிட முடியாது. டயர் அந்த நாளில் உதவியது உண்மை. இரவோடு இரவாக நிமிர்த்திய வண்டியில் நனைந்த மலைச்சாலையை அந்த வேகத்தில் எடுத்தது சோல்பெர்க்கின் கை.

அடுத்து ஸ்பெயினின் கடலூனியா. அங்கே பெஜோவின் ஜில் பானிட்ஸி வென்றார், லோப் இரண்டாவது. இப்படியாக வேல்ஸில் நடக்கும் கடைசி ரேலிக்கு முன் லோப் 63, சைன்ஸ் 63, சோல்பெர்க் 62, பர்ன்ஸ் 58 என்று நால்வர் பட்டத்தை எட்டும் தொலைவில் இருந்தார்கள். இப்படி ஒரு முடிவை ரேலி உலகம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறது. ரேலி தொடங்குவதற்கு முன்பே அது குலைந்தது. வேல்ஸுக்குக் காரோட்டிப் போகும் வழியில் பர்ன்ஸ் நினைவிழந்தார். பக்கத்தில் இருந்த மார்ட்டின் வண்டியைப் பத்திரமாக நிறுத்தினார். பர்ன்ஸுக்கு மூளையில் கட்டி இருப்பது பின்னர் தெரியவந்தது. அவர் அதன்பிறகு உலக ரேலியில் ஓட்டவேயில்லை. 2005 நவம்பர் 25 அன்று, தாம் சாம்பியன் ஆன நாளிலிருந்து சரியாக நான்காம் ஆண்டு நிறைவில், 34 வயதில் இறந்தார். 2003ஐப் பற்றி வாதாடும்போது அவர் பெயரையும் சேர்த்தே பேசுவதுதான் முறை.

வேல்ஸில் சைன்ஸ் சாலையை விட்டு விலகி வெளியேறினார். அங்கேதான் சர்ச்சை பிறக்கிறது. லோபும் சைன்ஸும் ஓட்டிய சிட்ரோவென் அணிக்கு அது முதல் முழுப் பருவம். மூன்று ஆண்டுகளாகப் பெஜோ வைத்திருந்த, கார் தயாரிப்பாளர்களுக்கான பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சைன்ஸின் புள்ளி போய்விட்ட நிலையில் லோபும் விபத்தில் சிக்கினால் அந்தப் பட்டமும் பறிபோகலாம். எனவே வேகத்தைக் குறைத்து வண்டியைக் கரைசேர்க்கும்படி அணியிலிருந்து லோபுக்குச் சொல்லப்பட்டது. அவர் கீழ்ப்படிந்து இரண்டாவதாக வந்தார். சிட்ரோவென் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. சோல்பெர்க் ரேலியை வென்று ஓட்டுநர் பட்டத்தைப் பெற்றார். அப்போது சிட்ரோவென் அணிக்குத் தலைமை தாங்கிய கீ ஃப்ரெகெலான் தாமே ஒரு ரேலி ஓட்டுநர். 1981இல் அவரும் ஆண்டின் கடைசி ரேலியில், இதே பிரிட்டனில், உலகப் பட்டத்தை ஆரி வாட்டனனிடம் இழந்தவர். ஓட்டுநருக்கு அந்தப் பட்டம் எவ்வளவு பெரியது என்று அறியாதவர் அல்ல அவர்.

உத்தரவு இல்லாவிட்டால் லோப் வென்றிருப்பாரா? இதற்கு நேரடி விடை கிடையாது. ஆனால் சோதித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. முதலாவது, புள்ளி விதியின் கோளாறால் சோல்பெர்க் தப்பித்தாரா என்பது. பழைய விதிப்படி அந்த ஆண்டு முழுவதையும் கூட்டினால் சோல்பெர்க்குக்கு 59, லோபுக்கு 57 வருகிறது. விதி எதுவானாலும் பட்டம் அவருக்கே. பழைய விதியில் இடைவெளி இன்னும் ஒரு புள்ளி கூடுகிறது. கூடுதல் வெற்றி பெற்றவருக்குப் பட்டம் போயிற்று என்பதால் விதியைக் குறை சொல்லவும் இடமில்லை.

இரண்டாவது, வேல்ஸின் சேற்றுக் காட்டுப்பாதையில் யார் வலியவர் என்பது. சோல்பெர்க்கின் முதல் உலக ரேலி வெற்றியே 2002இல் அங்கு வந்ததுதான். 2004இல் இருவரும் மறுபடி அங்கே மோதினார்கள். அப்போது லோப் அந்த ஆண்டின் பட்டத்தை இன்னும் உறுதி செய்திருக்கவில்லை. கடைசி வரை இழுபறியாகி, சோல்பெர்க் 6.3 விநாடியில் வென்றார். 2003இன் கேள்விக்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் சான்று வேறில்லை. லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலக சாம்பியன் ஆனவர் என்பதைச் சொல்லி 2003ஐயும் அவர் கணக்கில் எழுதப் பார்ப்பவர்கள், அவரே வேல்ஸை முதன்முதலில் வென்றது 2008இல்தான் என்பதை மறக்கிறார்கள்.

2005 வேல்ஸ் வெற்றியை மட்டும் சோல்பெர்க் ஆதரவாளர்கள் சான்றாகக் காட்டக் கூடாது. அந்த ரேலியில் மார்ட்டினின் கோ-டிரைவர் மைக்கேல் பார்க் விபத்தில் உயிரிழந்தார். முன்னணியில் இருந்த லோப், அப்படி ஒரு நாளில் வென்று பட்டத்தை உறுதி செய்துகொள்ள மனமில்லாமல், வேண்டுமென்றே தண்டனை நேரத்தை ஏற்று மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்.