பென்டிரைவில் பதிந்த நிகழ்ச்சி போனில் ஓட…

காட்டாங்குளத்தூர் கல்லூரியில் படிக்கும் மகள் டிடி தமிழில் பேசுகிறாள். வீட்டில் ஃப்ரீ டிஷ் பாக்ஸில் பென்டிரைவைச் செருகிப் பதிவும் செய்தாயிற்று. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரியம்மா போனில் திறக்கவில்லை. பெரும்பாலும் அது டி.எஸ். ஃபைலாக இருக்கும்.

உடனே மாற்ற உட்காராதீர்கள். முதலில் கணினியில் விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் விவரத்தைப் பாருங்கள். எச்.264 என்றிருந்தால் பாதி வேலை மிச்சம். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் விளம்பரங்களை வெட்டி, எம்பி4 ஆகச் சேமித்தால் போதும். படத்தை மீண்டும் சுருக்காததால் தரம் குறையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எம்பெக்-2 என்றிருந்தால் ஹேண்ட்பிரேக்தான் வழி. இதுவும் இலவசம். ஃபாஸ்ட் 720பி30 என்ற அமைப்பே போனுக்குத் தாராளம். பரதநாட்டியத்தில் கை வீசும்போது விளிம்பில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிகிறதா? ஃபில்டர்ஸ் பகுதியில் டிஇன்டர்லேஸைத் தேர்ந்தெடுங்கள். முழுப் பதிவையும் மாற்றும் முன் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது நேரத்தைக் காப்பாற்றும்.

வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.8 ஜிபி ஆகும். ஃபேட்32 பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது என்பதால், நீண்ட கச்சேரி துண்டுகளாகக் கிடக்கலாம். லாஸ்லெஸ்கட்டிலேயே அவற்றை வரிசையாக இணைக்கலாம்.

கட்டண டிடிஎச் பாக்ஸ்களின் பதிவு பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். அந்த பாக்ஸில் மட்டுமே ஓடும். மாற்றிய ஃபைலைக் கடைசிவரை ஓடவிட்டு, ஒலியும் உதட்டசைவும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே மூலப் பதிவை அழியுங்கள்.